பதினாறில் அறிமுகம், இருபதில் தொடக்கம்: இளம் ஜெர்மன் டிஃபெண்டரின் பாதையைக் கணிப்பது எப்படி

2017 நவம்பர் 26. ஜெர்மனியின் முதல் டிவிஷனான பண்டஸ்லிகாவில் 12 ஆட்டம் ஆடி இரண்டே புள்ளியோடு கடைசி இடத்தில் கிடந்த கொலோன் அணி, ஹெர்த்தா பெர்லினுக்கு எதிராக ஒரு பள்ளிப் பையனைத் தற்காப்பில் இறக்கியது. யான் ஒரெல் பிசெக். வயது 16, கூடவே 362 நாள். கொலோனுக்காக பண்டஸ்லிகாவில் ஆடியவர்களில் அவரே இளையவர். லீக் வரலாற்றில் அன்றைய நிலவரப்படி நூரி ஷாஹின் ஒருவர்தான் அவரைவிடச் சின்ன வயதில் இறங்கியவர். ஆட்டம் 0-2 என்று போனது. பையன் பெயர் மட்டும் எல்லாச் செய்தியிலும் வந்தது.

அந்தச் சாதனையை நம்பி அவர் மீது பந்தயம் கட்டியவர்கள் அடுத்த மூன்றரை ஆண்டு ஏமாந்தார்கள். அதன்பின் அவரை மறந்துவிட்டவர்கள், 2023-ல் இத்தாலியின் இன்டர் மிலான் வாங்கியபோது ஏமாந்தார்கள். இரண்டு தரப்பும் தவறவிட்டது ஒரே விஷயத்தைத்தான்: பெரியவர்களின் லீக்கில் அவர் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற எண்ணிக்கை. இளம் டிஃபெண்டர் ஒருவரைத் தொடர்ந்து கவனிக்க விரும்புகிறவர்களுக்கு, அந்த எண்ணிக்கையை எப்படிச் சேர்ப்பது, எப்படி எடைபோடுவது, டி.வி.யில் அவரை எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்வதே இந்த வழிகாட்டி. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். கணினியில் அட்டவணை போடத் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம்.

முதல் பக்கம்: பிறந்த தேதி

பெயருக்கு அடுத்து பிறந்த தேதியை நாள், மாதத்தோடு எழுதுங்கள். ஜெர்மன் இளையோர் கால்பந்தில் வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்படுகிறது. 2000 ஜனவரியில் பிறந்தவனும் 2000 டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணியில் நிற்பார்கள். பன்னிரண்டு வயதில் அந்தப் பதினொரு மாதம் உயரத்திலும் எடையிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும். தேர்வாளர் கண்ணுக்குப் பெரியவன்தான் திறமைசாலியாகத் தெரிவான். ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் அகாடமிகளில் குவிந்து கிடப்பது இதனால்தான். தற்காப்பில் உயரமும் உடல்வலுவும் இன்னும் அதிகமாகப் பேசும் என்பதால் அங்கே இந்தச் சாய்வு கூடுதல் சிக்கலைத் தரும்.

ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த 16 வயது சென்டர் பேக், அதாவது தற்காப்பின் நடுவில் நிற்பவர், தன் வயதினரை மோதித் தள்ளுவதைக் கண்டு மயங்க வேண்டாம். மற்றவர்கள் வளர்ந்ததும் அந்தச் சாதகம் கரைந்துவிடும். ஆண்டுக் கடைசியில் பிறந்து, சின்ன உடம்போடு அந்த வரிசையில் தாக்குப்பிடித்தவன் பந்துக்கு முன்னால் யோசிக்கக் கற்றிருப்பான். பிசெக் பிறந்தது 2000 நவம்பர் 29. இன்னொரு ஜெர்மன் சென்டர் பேக்கான நிக்கோ ஷ்லோட்டர்பெக் 1999 டிசம்பர் 1. இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனாலும் பிறந்த மாதத்தைப் பார்க்காமல் இளையோர் ஆட்டத்தை எடைபோடுவது, தராசில் தட்டின் எடையைக் கழிக்காமல் நிறுப்பது மாதிரி.

இளையோர் படிகள்: தெரிந்துகொள்ளுங்கள், மதிப்பெண் போடாதீர்கள்

2000 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி ஒரே ஒரு புள்ளியோடு தன் பிரிவில் கடைசியாக வந்து வெளியேறியது. இன்றைய அமைப்பு அந்த அவமானத்தில் பிறந்தது. முதல் இரண்டு டிவிஷனின் 36 கிளப்களும் இளையோர் பயிற்சி மையம் நடத்தினால்தான் லீக் உரிமம் என்று ஆக்கினார்கள். ஜெர்மன் வாயில் அது லைஸ்டுங்ஸ்சென்ட்ரும். பெரிய கிளப்புக்குப் போகாத பிள்ளைகளுக்காக 2002 முதல் நாடெங்கும் 350-க்கும் மேற்பட்ட ஷ்டுட்ஸ்புங்க்ட் மையங்களைத் திறந்தார்கள். கிராமத்து கிளப்பில் ஆடும் பையனும் வாரத்தில் ஒரு நாள் அங்கே கூடுதல் பயிற்சி பெறலாம்.

2024-25 முதல் 17, 19 வயதுக்குட்பட்டோர் பண்டஸ்லிகாவுக்குப் பதில் நாக்வுக்ஸ்லிகா என்ற புதிய அமைப்பு வந்துவிட்டது. தரமிறக்கம், அதாவது கடைசியில் வரும் அணி கீழ் லீக்குக்கு இறங்குவது, கிடையாது. முதலில் வட்டார வாரியான பிரிவுகள், பிறகு முடிவுகளைப் பொறுத்து மேல், கீழ் எனப் பிரிந்து ஆடுவார்கள். தரமிறக்க பயம் போனதால் பயிற்சியாளர்கள் பின்னால் இருந்து பந்தை நிதானமாக எடுத்துவரச் சொல்லிப் பழக்குகிறார்கள். டிஃபெண்டருக்கு இது பந்தோடு பழக நல்ல வாய்ப்பு. ஆனால் அழுத்தமில்லாத ஆட்டத்தில் செய்த தவறுக்கு விலை கிடையாது. அதனால் நோட்டில் இளையோர் ஆட்ட நிமிடங்களுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு பூஜ்யம். எந்த ஊரில், எந்த கிளப்பில், எத்தனை ஆண்டு வளர்ந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பணக் கணக்கு வரும்போது அது உதவும்.

நிமிடக் கணக்கு: நோட்டின் உயிர்நாடி

ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வரி. பத்திகள் இவை: சீசன், ஜூலை 1 அன்று வயது, லீக், ஆடிய நிமிடம், அந்த லீக்கின் முழு நிமிடம், விழுக்காடு. ஆட்ட எண்ணிக்கையை எழுத வேண்டாம். அது ஏமாற்றும். 88-வது நிமிடத்தில் உள்ளே வந்தவனுக்கும் ‘ஒரு ஆட்டம்’ என்றுதான் கணக்கு வைப்பார்கள்.

முழு நிமிடத்தை இப்படி எடுங்கள். பண்டஸ்லிகாவிலும் இரண்டாம் பண்டஸ்லிகாவிலும் 18 அணி, 34 ஆட்டம், 3,060 நிமிடம். மூன்றாம் லீக்கில் 20 அணி, 38 ஆட்டம், 3,420 நிமிடம். அதற்குக் கீழே ஐந்து வட்டாரங்களாகப் பிரிந்த ரெகியோனல்லிகா. அதில் ஆட்ட எண்ணிக்கை வட்டாரத்துக்கு வட்டாரம் கொஞ்சம் மாறும், அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். டென்மார்க் சூப்பர்லிகாவில் 12 அணி, 22 ஆட்டம் முடிந்ததும் இரண்டாகப் பிரிந்து இன்னும் 10, ஆக 32 ஆட்டம், 2,880 நிமிடம்.

அடுத்து எடை. எங்கள் கைக்கணக்கு இது: பண்டஸ்லிகா நிமிடத்துக்கு 1, இரண்டாம் பண்டஸ்லிகாவுக்கு 0.7, மூன்றாம் லீக்குக்கு 0.5, ரெகியோனல்லிகாவுக்கு 0.3. டென்மார்க், ஆஸ்திரியா போன்ற முதல் டிவிஷன்களுக்கு 0.7 வைக்கலாம். இது அறிவியல் கிடையாது, அனுபவத்தில் பிடித்த பிடிமானம். உங்கள் எண்கள் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லா வீரருக்கும் ஒரே எண்ணைப் போட்டால் போதும்.

போட்டுப் பாருங்கள். பத்தொன்பது வயதுப் பையன்கள் மூவர் என்று வையுங்கள். முதலாமவர் பெரிய கிளப்பில் இருக்கிறார்: பண்டஸ்லிகாவில் 240 நிமிடம், அதே கிளப்பின் இரண்டாம் அணியோடு ரெகியோனல்லிகாவில் 900. எடைபோட்டால் 240-உம் 270-உம் சேர்ந்து 510. இரண்டாமவர் இரண்டாம் பண்டஸ்லிகாவில் 1,900 நிமிடம்: 1,330. மூன்றாமவர் மூன்றாம் லீக்கில் 2,700: 1,350. செய்தியில் வருவது முதலாமவர் பெயர். முன்னால் நிற்பது மற்ற இருவர். பத்தொன்பது, இருபது வயதில் ஒரு சீசனுக்கு 1,200-க்கு மேல் எடையிட்ட நிமிடம் வந்தால் பையன் பாதையில் இருக்கிறான் என்று கொள்ளலாம். இரண்டு சீசன் அடுத்தடுத்து 500-க்குக் கீழே போனால் கிளப் பெயர் எதுவானாலும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

சென்டர் பேக்குக்கு இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு கறாராக வேண்டும்? ஐந்து மாற்று வீரர் விதி வந்தபின் இளம் விங்கருக்கு, ஸ்ட்ரைக்கருக்குக் கடைசி இருபது நிமிடம் அடிக்கடி கிடைக்கிறது. அணி தோற்றுக்கொண்டிருந்தால் புதிய முன்கள வீரரை இறக்குவார்கள், ஜெயித்துக்கொண்டிருந்தால் ஓடிக் களைத்த நடுக்களத்தை மாற்றுவார்கள். தற்காப்பின் நடுவில் நிற்கும் ஜோடியை, காயம் அல்லது சிவப்பு அட்டை இல்லாமல், யாரும் தொட மாட்டார்கள். ஆகவே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயது சென்டர் பேக் ‘அணியில் இருக்கிறார்’ என்பதற்குப் பெரும்பாலும் ‘ஆடவில்லை’ என்றே பொருள். சனிக்கிழமை பெரிய அணியோடு பெஞ்சில் அமர்ந்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் அணி ஆட்டத்தையும் தவறவிடும் பையன்கள் உண்டு. வார இறுதி முழுக்க நிமிடம் பூஜ்யம்.

இரண்டாம் அணி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2014-ல் அந்த அணி கட்டாயமில்லை என்று லீக் விட்டுக்கொடுத்ததும் லெவர்குசன், ஃபிராங்க்ஃபர்ட் போன்றவை கலைத்தன. ஃபிராங்க்ஃபர்ட் 2022-ல் திரும்பத் தொடங்கியது. இரண்டாம் அணி இல்லாத கிளப்பில் பத்தொன்பது வயதைத் தாண்டியவருக்கு நடுப்படி கிடையாது: முதல் அணி, இல்லையேல் லோன், அதாவது வேறு கிளப்புக்குத் தற்காலிகமாகப் போவது. இரண்டாம் அணிகள் மூன்றாம் லீக்குக்கு மேலே ஏற முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இப்போது பிசெக்கின் பக்கம். 2017-18: பதினாறு, பதினேழு வயதில் விரல்விட்டு எண்ணக்கூடிய பண்டஸ்லிகா ஆட்டங்கள். கொலோன் தரமிறங்கியது. அவரை இறக்கிய சூழலைக் கவனியுங்கள்: மூன்று நாள் முன்பு வியாழக்கிழமை ஐரோப்பா லீக்கில் ஆர்சனலோடு ஆடிய அணி, புள்ளிப் பட்டியலில் மூழ்கிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் பீட்டர் ஷ்டோகர் அடுத்த வாரமே நீக்கப்பட்டார். அப்படிப்பட்ட இடத்தில் கிடைத்த அறிமுகம் கிளப்பின் நெருக்கடியைச் சொல்கிறதே தவிர, பையனின் தயார்நிலையைச் சொல்லவில்லை. அதன்பின் ஹோல்ஸ்டைன் கீல், நெதர்லாந்தின் ரோடா, போர்ச்சுகலின் கிமரேஸ் என்று லோன் மேல் லோன். ரோடாவில் இருந்தபோது பெருந்தொற்றில் நெதர்லாந்து சீசனே பாதியில் நின்றுபோனது. பதினெட்டு முதல் இருபது வரை, ஒரு டிஃபெண்டர் கற்க வேண்டிய வயது முழுக்க, பக்கம் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

2021-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ். முதலில் லோன், அடுத்த ஆண்டு நிரந்தரம். அங்கேதான் வாராவாரம் ஆடினார். 2022-23-இல் ஜெர்மன் பயிற்சியாளர் ஊவே ரோஸ்லரின் கீழ் ஆர்ஹுஸ் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்தக் கோடையில் சுமார் 70 லட்சம் யூரோவுக்கு இன்டர் வாங்கியது. நோட்டு வைத்திருந்தவருக்கு இது 2022 கிறிஸ்துமஸுக்குள்ளேயே தெரிந்திருக்கும். நிமிடப் பத்தி நிரம்பத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

லோனைப் படிக்கும் விதம்

லோன் செய்தி வந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த அணியில் அதே இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர்? நான்கு பேர் தற்காப்பா, மூன்று பேரா? பயிற்சியாளர் புதியவரா, வேலை ஆட்டம் காண்கிறதா?

மூன்றாம் கேள்விதான் அதிகம் கவிழ்க்கும். லோன் பையனைக் கேட்டு வாங்கிய பயிற்சியாளர் அக்டோபரில் நீக்கப்பட்டால், வருகிறவர் தரமிறக்கத்திலிருந்து தப்பும் அவசரத்தில் முப்பது வயது அனுபவசாலியைத்தான் இறக்குவார். திரும்பப் போகப்போகிற பையனை வளர்த்து அவருக்கு என்ன லாபம்? வாங்கும் உரிமை இல்லாத வெறும் லோனில் இந்த ஆபத்து இரட்டிப்பு. சீசன் கடைசியில் வாங்கிக்கொள்ளும் உரிமையோ கட்டாயமோ ஒப்பந்தத்தில் இருந்தால், ஆட வைப்பது கிளப்பின் சொந்தப் பணத்தைப் பெருக்குவது மாதிரி. ஆர்ஹுஸ் கதை அப்படி முடிந்ததுதான்.

நல்ல லோனுக்கு இரண்டு சாட்சி. யோனத்தான் தா, ஹாம்பர்க்கில் இருந்து 2014-15-இல் இரண்டாம் பண்டஸ்லிகாவின் டுசல்டோர்ஃபுக்குப் போனார். ஒரு படி கீழே, அதே நாடு, அதே மொழி. திரும்பியதும் 2015-ல் லெவர்குசன் வாங்கியது, பத்தொன்பது வயதில் அங்கே நிலையான ஆட்டக்காரர். ஷ்லோட்டர்பெக் 2020-21-இல் ஃப்ரைபுர்கிலிருந்து யூனியன் பெர்லினுக்குப் போனார், திரும்பி வந்த சீசனில் ஃப்ரைபுர்க் ஜெர்மன் கோப்பை இறுதி வரை சென்றது. இரண்டு பேருக்கும் ஒரே ஒரு லோன். மூன்று நாட்டில் மூன்று லோன் என்றால் ஒவ்வொரு முறையும் புது மொழி. சென்டர் பேக்குக்கு வாய் ஒரு கருவி. ‘பின்னால் ஆள்’, ‘மேலே ஏறு’ என்று கத்தத் தெரியாதவனைப் பக்கத்து ஆட்டக்காரன் நம்ப மாட்டான்.

ஃபிஃபா விதியின்படி எல்லை தாண்டிய லோன் ஒரு முறைக்கு அதிகபட்சம் ஓராண்டு. லோனில் வாங்கியவரை இன்னொருவருக்கு லோன் கொடுக்க முடியாது. ஒரு கிளப் வெளியே அனுப்பவும் உள்ளே எடுக்கவும் தலா ஆறு பேர் வரம்பு. ஆனால் 21 வயது அல்லது அதற்குக் கீழே இருந்து, அந்த கிளப்பிலேயே வளர்ந்தவர் இந்த வரம்பில் சேர மாட்டார். சொந்தப் பையன்களை ஆண்டுதோறும் எங்காவது அனுப்பிக்கொண்டே இருக்க கிளப்களுக்கு இது வசதி. இரண்டாவது லோனுக்குப் பிறகும் நிமிடம் ஏறவில்லையென்றால் கிளப் அவரைத் தன் திட்டத்தில் வைத்திருக்கவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

டி.வி.யில் டிஃபெண்டரைப் பார்ப்பது

கேமரா பந்தைத்தான் துரத்தும். நம்மூர் மைதானங்களில் ‘ஸ்டாப்பர்’ என்று அழைக்கப்படும் நடுத் தடுப்பாட்டக்காரர் பாதி நேரம் திரையிலேயே இருக்க மாட்டார். ஆகவே அவர் திரையில் கட்டாயம் தெரியும் தருணங்களைத் தேர்ந்தெடுங்கள்: சொந்த அணியின் கோல் கிக், எதிரணியின் த்ரோ, பக்கவாட்டிலிருந்து வரும் கிராஸ், கார்னர். ஓர் ஆட்டத்தில் முதல் 15 நிமிடம், 60-லிருந்து 75 வரை, அவர் ஒரு தவறு செய்தால் அதற்கடுத்த ஐந்து நிமிடம். இவ்வளவுதான் பார்க்க வேண்டும். பந்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். குறைந்தது நான்கு ஆட்டம், அதில் இரண்டு வெளியூர் ஆட்டமாக இருக்கட்டும்.

முதலில் தலை. கோல்கீப்பர் பந்தை இவருக்கு உருட்டும் முன் எத்தனை முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார் என்று கோடு போடுங்கள். ஒரு முறைகூடப் பார்க்காதவர் பந்து வந்தபிறகுதான் யோசிக்கத் தொடங்குவார். அதற்குள் எதிரணி ஸ்ட்ரைக்கர் மூன்று எட்டில் வந்துவிடுவார், பந்து மறுபடி கோல்கீப்பருக்கே போகும்.

அடுத்து முதல் தொடுதல். பக்கத்திலிருந்து வரும் பந்தை, வந்த திசைக்கு எதிர்ப்புறக் காலால், அதாவது தூரத்துக் காலால், வாங்கினால் உடல் ஆடுகளத்தைப் பார்த்துத் திறக்கும், அடுத்த பாஸ் முன்னால் போகும். கிட்டக் காலால் வாங்கினால் உடல் மூடிக்கொள்ளும், பாஸ் வந்த வழியே திரும்பும். பாஸ் துல்லியம் 92 விழுக்காடு என்ற எண்ணைக் கண்டு மகிழும் முன் இதைப் பாருங்கள். இரண்டு சென்டர் பேக்கும் தங்களுக்குள் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டாலும் அந்த எண் வந்துவிடும். எதிரணியின் ஒரு வரிசையையாவது கடந்து போன பாஸ் எத்தனை என்று தனிப் பத்தியில் குறியுங்கள். இடது சென்டர் பேக் இடத்தில் இடதுகால்காரருக்குத் தனி விலை இருப்பதும் இதனால்தான். ஷ்லோட்டர்பெக் இடதுகாலால் தொட்டதுமே கோட்டோரம் வரை கோணம் திறக்கும். வலதுகால்காரர் அங்கே நின்றால் பந்தை உள்ளே வெட்டித் திருப்ப ஒரு நொடி செலவு.

ஸ்ட்ரைக்கர் பின்வாங்கி நடுக்களத்துக்கு இறங்கும்போது என்ன செய்கிறார்? பின்தொடர்ந்தால் பின்னால் பள்ளம் விழும், விட்டுவிட்டால் ஸ்ட்ரைக்கர் திரும்பி ஓடுவார். சரியான பதில் என்று ஒன்று கிடையாது. பார்க்க வேண்டியது பாதியில் நிற்கிறாரா என்பதை. இரண்டு எட்டு முன்னே வைத்து, சந்தேகப்பட்டு நின்றுவிடும் டிஃபெண்டர்தான் கோல் வாங்குவார். இளையவர்களின் மிகப் பொதுவான பிழை இது.

தரையில் சறுக்கி எடுக்கும் டாக்கிள்களுக்கு ரசிகர் கைதட்டுவார். நீங்கள் தட்ட வேண்டாம். நிறையச் சறுக்குகிறவர் நிறைய முறை இடம் தவறி நிற்கிறவர். நின்றபடியே ஆளை ஓரத்துக்குத் தள்ளி, கிராஸ் போடும் காலை மறைப்பவர் புள்ளிவிவரத்தில் எங்கேயும் வர மாட்டார்.

கடைசியாகக் கை. பெனால்டி பெட்டிக்குள் கை எங்கே இருக்கிறது? இத்தாலிய லீக்கில் 2025 மே 18-இல் லாசியோவுக்கு எதிராக இன்டர் 2-1 என முன்னிலையில் இருந்தது. முதல் கோலைப் போட்டவரே பிசெக். ஆட்டம் முடியும் நேரத்தில் பெட்டிக்குள் பந்து அவர் கையில் பட்டது, விஏஆர் காணொளியைப் பார்த்து பெனால்டி கொடுத்தார்கள், லாசியோவின் பெட்ரோ அடித்தார், 2-2. அதே மாலை நாப்போலி பார்மாவில் 0-0 என்று சிக்கியிருந்தது. ஜெயித்திருந்தால் ஓர் ஆட்டம் மீதமிருக்க இன்டர் முதலிடத்தில் இருந்திருக்கும். சீசன் முடிந்தபோது நாப்போலி 82 புள்ளி, இன்டர் 81. ஒரு சென்டர் பேக்கின் வேலை எவ்வளவு இரக்கமற்றது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். கிராஸ் வரும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடும் இளைஞரைப் பார்த்தால் ஒரு நல்ல கோடு போடுங்கள், அதே சமயம் அப்படிக் கட்டியதால் சமநிலை இழந்து திரும்ப முடியாமல் தடுமாறுகிறாரா என்றும் பாருங்கள். இரண்டும் நடக்கும்.

அவர் ஆடும் அமைப்பையும் மேலே எழுதிவையுங்கள். மூன்று பேர் தற்காப்பின் வலது ஓரத்தில், பிசெக் இன்டரில் ஆடுவதுபோல், சென்டர் பேக் பந்தோடு எதிரணிப் பாதி வரை ஏறலாம், பின்னால் காப்பாற்ற இருவர் இருப்பார்கள். 2024 மார்ச்சில் போலோன்யாவில் அவர் தலையால் போட்ட ஒரே கோல் இன்டருக்கு வெற்றி தந்ததும் அப்படி முன்னேறிப் போன தருணத்தில்தான். அதே ஆளை நான்கு பேர் தற்காப்பில் நிறுத்தினால் அந்தச் சுதந்திரம் கிடையாது. மூன்றில் மின்னுகிறவர் நான்கில் தடுமாறுவது அடிக்கடி நடப்பதால், அமைப்பு மாறும் கிளப்புக்குப் போகிறார் என்றால் முதல் மூன்று மாதத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஜெர்மன் பத்திரிகை மதிப்பெண்களைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: கிக்கர் இதழில் 1 தான் சிறந்தது, 6 மோசம், அவர்கள் பள்ளி மதிப்பெண் மாதிரியே. 5.0 பார்த்து ‘பரவாயில்லையே’ என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஒப்பந்தமும் பணமும்

ஒப்பந்தம் முடியும் நாள் பெரும்பாலும் ஜூன் 30. ஆண்டை மட்டும் எழுதினால் போதும். ஜெர்மன் கிளப்கள் முடிவெடுப்பது ஒப்பந்தத்தில் ஓராண்டு, இரண்டாண்டு மீதமிருக்கும் கோடைகளில். நீட்டிக்க மறுத்தால் விற்றுவிடுவார்கள். 2023 வரை ஒப்பந்தம் இருந்த ஷ்லோட்டர்பெக்கை ஃப்ரைபுர்க் 2022 கோடையிலேயே சுமார் 2 கோடி யூரோவுக்கு டோர்ட்மண்டுக்குக் கொடுத்தது. விற்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு யோனத்தான் தா சாட்சி: 2024-இல் தோல்வியே இல்லாமல் லீக் வென்ற லெவர்குசன் அணியின் தூண், 2025-இல் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் பேயர்ன் மியூனிக்குப் போனார். கிளப்புக்குப் பெரிய தொகை ஏதும் மிஞ்சவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே மூன்றாண்டுக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது என்பதால் இளையவர்கள் விஷயத்தில் இந்தக் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும்.

இளையோர் ஆண்டுகளைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான்: வீரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால் விலையில் 5 விழுக்காடு அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5. 12-லிருந்து 18 முடிய ஏழு சீசன் வளர்த்த கிளப்புக்கு 1 விழுக்காடும் 1.5 விழுக்காடும் சேர்ந்து 2.5. விலை ஒரு கோடி யூரோ என்றால் இரண்டரை லட்சம் யூரோ. ஆர்ஹுஸிலிருந்து இன்டர் போனது எல்லை தாண்டிய விற்பனை, ஆகவே பையனை வளர்த்த கொலோனுக்கும் அதில் பங்கு உண்டு. ஜெர்மனிக்குள்ளேயே கைமாறினால் வளர்த்த ஜெர்மன் கிளப்புக்கு இந்த விதியின்படி ஒன்றும் வராது.

தேசிய அணி: தாமதமாக நம்புங்கள்

21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையை ஜெர்மனி 2009, 2017, 2021-இல் வென்றது. 2009 அணியின் ஹும்மல்ஸ், போவாடெங், ஹூவெடஸ் மூவரும் 2014 உலகக் கோப்பை இறுதியின் தற்காப்பில் நின்றார்கள். அதைப் பார்த்து விதி எழுதியவர்களை 2017 திருத்தியது: இறுதியில் நடுவில் நின்ற நிக்லாஸ் ஷ்டார்க், மார்க்-ஆலிவர் கெம்ஃப் ஜோடி சீனியர் அணியில் நிலைக்கவில்லை. பிசெக் ஆடிய 2023 அணியோ பிரிவுச் சுற்றிலேயே வெளியேறியது. இரண்டாண்டு கழித்து, 2025 மார்ச்சில், ஜெர்மன் பயிற்சியாளர் நாகல்ஸ்மான் பிசெக்கை முதன்முறையாகச் சீனியர் அணிக்கு அழைத்தார். ஆக இளையோர் கோப்பைக்குத் தனிப் பத்தி வேண்டாம், ஓரத்தில் ஒரு குறிப்பு போதும்.

பெற்றோரின் நாடு வேறாக உள்ள வீரர்கள் பலர். ஜெர்மன் இளையோர் சட்டையில் ஆடியது யாரையும் கட்டிப்போடாது. சீனியர் அணியின் போட்டி ஆட்டத்தில் இறங்கிய பிறகும், அது 21 வயதுக்கு முன், மூன்று ஆட்டத்துக்கு மிகாமல், உலகக் கோப்பை, கண்டக் கோப்பை இறுதிச் சுற்று இல்லாமல் இருந்தால், கடைசி ஆட்டத்திலிருந்து மூன்றாண்டு கழித்து நாடு மாறலாம். ‘ஜெர்மனிக்கு உறுதி’ என்று தலைப்பிடும் செய்திகளை இந்த விதியோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.

காயம்

குறிக்க வேண்டியது இரண்டே: எந்த உறுப்பு, எத்தனை வாரம். தசைக் கிழிவு சில வாரத்தில் ஆறும். ஒரே தொடையில் மூன்று முறை திரும்ப வந்தால்தான் கவலை. ‘க்ராய்ட்ஸ்பாண்ட்ரிஸ்’ என்ற சொல் வந்தால் முழங்கால் சிலுவைத் தசைநார் அறுந்துவிட்டது, ஆறு முதல் ஒன்பது மாதம் போய்விடும். ஜெர்மன் டிஃபெண்டர் நிக்லாஸ் சூலேவுக்கு 2014-லும் 2019-லும் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் திரும்பினார். திரும்பிய முதல் சீசனின் நிமிடத்தை விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வையுங்கள், இல்லையென்றால் நல்ல வீரரைத் தவறாகச் சிவப்பு வட்டத்தில் அடைப்பீர்கள்.

பழகிப் பார்க்க நான்கு பக்கங்கள்

2023 கடைசியில் இந்தோனேசியாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியில் இருந்து நான்கு டிஃபெண்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபின் யெல்ட்ஷ், டேவிட் ஓடோகு, எரிக் டா சில்வா மொரேய்ரா, அல்முகெரா கபர். கோப்பை ஒன்று, பாதை நான்கு. மொரேய்ரா செயின்ட் பௌலியிலிருந்து இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு, ஓடோகு வோல்ஃப்ஸ்பர்கிலிருந்து ஏசி மிலானுக்கு, கபர் டோர்ட்மண்டில், யெல்ட்ஷ் நியூரம்பெர்கில். பதினெட்டு வயதில் யாருடைய கிளப் பெயர் பெரியது என்று பார்த்தால் யெல்ட்ஷ் கடைசியில் வருவார். நிமிடப் பத்தியைப் பாருங்கள்: மிரோஸ்லாவ் க்ளோசே பயிற்சியளித்த நியூரம்பெர்கில், இரண்டாம் பண்டஸ்லிகாவில், வாராவாரம் தொடக்க அணியில் அவர் பெயர். 2025 ஜனவரியில் ஷ்டுட்கார்ட் வாங்கியது, அந்த மே மாதம் ஜெர்மன் கோப்பையும் கிளப்புக்குக் கிடைத்தது.

நால்வருக்கும் நான்கு பக்கம் திறந்து, செப்டம்பர் 2-ஆம் தேதி ஒரு முறை, குளிர்கால இடைவேளையில் ஒரு முறை, மே கடைசியில் ஒரு முறை நிமிடத்தை நிரப்புங்கள். வாரத்துக்கு வாரம் திறக்க வேண்டாம், மூன்று ஆட்டம் பெஞ்சில் இருந்ததற்கெல்லாம் பேனா எடுத்தால் நோட்டு கிறுக்கலாகிவிடும்.